எலுமிச்சம்பழம் கட்டிய விமானம்

பெரியவனே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். பெங்களூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். செங்கத்தில் டீ குடிக்க நிற்கும்போது அவர் படித்தாலும் படிக்கட்டும், உன் ரூம்காரப் பையன்கள் சுற்றி உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தாலும் படிக்கட்டும். நீ எழுதின லெட்டரை உங்கப்பா பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ரூமில் வைத்து, வந்த டிரைவர், போன டிரைவர் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டார். என் மகன் எப்படி யோசிக்கிறான் பாருங்க என்று அவருக்குப் பெருமை. உன் லெட்டர் ஊர் சுற்றும்போது என் லெட்டர் மட்டும் எதற்கு முக்காடு போட்டுக்கொண்டு வர வேண்டும்? நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவள் வாயில் மண்ணைப் போட்டவனுக்கு என்ன குறைச்சல்?

மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜில் உன் தங்கச்சிக்கு இடம் கிடைத்துக் கார்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வடை சுட்ட எண்ணெய்ச் சட்டியைக் கூட நான் கழுவி முடிக்கவில்லை, உன் லெட்டர் வந்துவிட்டது. பெண் பிள்ளையை மெட்ராஸில் தனியாக விட வேண்டாம், பின்னால் ஒரு துணை இல்லாமல் அவள் என்ன செய்வாள், கீழ்பென்னாத்தூரில் என் சிநேகிதனின் அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள், மல்லாட்டை எண்ணெய் மில் இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தாய். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். ஊரில் எல்லா அண்ணன்காரனும் எழுதுகிற எழுத்துதான் அது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாயே, அங்கேதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ‘நான் ஏரோப்ளேன் செய்தபோது உண்ணாமலை கூட இருந்து எனக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணினாள், அதை வைத்துக்கொண்டு தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாள்.’ ஹெல்ப். அந்த வார்த்தையை எழுதும்போது உன் பேனா முறியவில்லையா?

உங்கப்பா படித்துவிட்டு லெட்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பெரியவனே வேணாம்னுட்டான். ஏரோப்ளேன் செஞ்சி கப்பு வாங்கினவன். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது?” என்றார். உண்ணாமலை குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகுகிற வாசனை வந்ததும் நான்தான் போய்ச் சட்டியை இறக்கினேன். திங்கட்கிழமைக்குள் காலேஜில் போய்ச் சேரவேண்டும். போகலாமா கூடாதா என்பது இப்போது உன் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரியை நானே பெற்று வளர்த்திருக்கிறேன் பார்.

சரி, உனக்கு ஞாபகசக்தி கம்மி ஆகிவிட்டது போலிருக்கிறது. நான் ஞாபகப்படுத்துகிறேன், கேட்டுக்கொள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா என்னிடம் ஜிப்பா தைக்கத் துணி கொண்டுவந்தாள். துணியைச் சுற்றியிருந்தது ஒரு பழைய இங்கிலீஷ் புஸ்தகம். நீயும் உண்ணாமலையும் என் தையல் மிஷினுக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைப் புரட்டினீர்கள். ஒரு பக்கத்தில் ஏரோப்ளேன் படம். உடம்பு இல்லை, வால் இல்லை, வெறும் இறக்கைதான். வௌவாலை இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருந்தது. நீ என்ன சொன்னாய்? “அச்சுத் தப்பும்மா, வால வெட்டிட்டானுங்க” என்று சொன்னாய். அவள் அந்தப் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள், “இல்லண்ணா, கீழ நெழலப் பாரு. நெழலுக்கும் வால் இல்ல.” அன்றைக்கு மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். தரையில் விழுந்த நிழலுக்கும் வால் இல்லைதான்.

அதிலிருந்து என் வீடு வீடாக இல்லை. முதலில் பேப்பரில் மடித்து மடித்து விட்டாள். எல்லாம் குட்டிக்கரணம் போட்டு விழுந்தன. என் மிஷினில் நூல் சுற்றுகிற பாபினை எடுத்துக் கனத்துக்கு மூக்கில் ஒட்டினாள், கொஞ்ச தூரம் போனது. பின் ஓரத்தை நகத்தால் லேசாக மேலே மடக்கி விட்டாள், இன்னும் கொஞ்ச தூரம் போனது. “வாலு செய்யிற வேலைய அந்த ஓரம் செய்யுதும்மா” என்று என்னிடம் சொன்னபோது எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. ஆனால் ஜாக்கெட் துணி வெட்டும்போது பேப்பரை இரண்டாக மடித்து ஒரு கை அளவு வரைந்து வெட்டினால் இரண்டு கையும் ஒரே மாதிரி வரும் என்பது என்னிடம் பார்த்ததுதானே? அதே மாதிரி மடித்து வெட்டித்தான் இரண்டு இறக்கைக்கும் அளவு எடுத்தாள். என் கத்தரிக்கோலைப் பேப்பர் வெட்டி மழுங்கடித்ததற்காக அவள் முதுகில் ஒன்று வைத்தேன். நீ சிரித்தாய். உன் பங்கை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வேங்கிக்கால் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, இறக்கைக்குத் தக்கை மாதிரி லேசான நெட்டித் தண்டு அறுத்துக்கொண்டு வந்தவன் நீதான். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய வந்து நின்றாய், நான் உப்பு வைத்து எடுத்தேன். மூங்கில் சீவினது நீ, மைதா பசை காய்ச்சினது நீ, பட்டம் விடுகிற பேப்பரைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டினது நீ. கேட்டுக்கொண்டாயா? ஹெல்ப் என்றால் இதற்குப் பெயர்தான் ஹெல்ப்.

கோடையில் ஏரி வற்றியதும் இரண்டு பேரும் அங்கேயே கிடந்தீர்கள். மலையிலிருந்து இறங்குகிற காற்று எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்று ஆடு மேய்க்கிறவர்களை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். கரைமேல் ஏறி எறிவாள், அது விழுகிற இடத்துக்குப் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வரும்போதே எந்த நுனியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவாள். தாவணி போட்டதும் உங்கப்பா முட்டுக்கட்டை போட்டார். “வயசுக்கு வந்த பொண்ணு ஏரியில ஓடியாடினா நாலு பேரு என்னா பேசுவாங்க?” என்றார். அதற்கப்புறம் அவள் கரையில் புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பாள். நீ எறிவாய். ‘அண்ணா, எடது பக்கம் கொஞ்சம் எறக்கு, மூக்க தூக்காத’ என்று அங்கிருந்து கத்துவாள். அவள் சொன்னாள், நீ எறிந்தாய். ஊர் எறிந்தவனைத்தான் பார்த்தது. ஊருக்குக் கண் அவ்வளவுதான், அதை நான் குற்றம் சொல்லவில்லை. உனக்கு என்ன கேடு? நீ பக்கத்திலேயே நின்றவன் தானே?

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டாலும் படி. உங்கள் ஸ்கூல் ஆண்டுவிழாவில் எல்லோர் முன்னாலும் பறக்கவிட்டுக் காட்டுவதாகப் பேச்சு. முதல் நாள் சாயங்காலமே உண்ணாமலை எல்லாம் சரிபார்த்து என் மர ஸ்கேலின் ஓரத்தில் அதை நிறுத்தி, முன்னும் போகாமல் பின்னும் சாயாமல் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் உன் கையில் கொடுத்தாள். நீ என்ன செய்தாய்? காலையில் மூக்குப் பக்கம் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் உன் பெயரை எழுதினாய். உன் பெயர் மட்டும். அதோடு விட்டாயா? புது லாரி வாங்கினவன் மாதிரி பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டாய். முன்னால் பொட்டு வைத்தால் உன் பெயர் மறைந்துவிடுமே? அதனால் சந்தனத்தைக் குழைத்துப் பின் ஓரத்தில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, நட்டநடுவில் நூல் போட்டு ஒரு எலுமிச்சம்பழத்தையும் பின்பக்கமே கட்டிவிட்டாய். ஊரில் எந்தப் புத்தி கெட்டவனாவது பழத்தை வண்டிக்குப் பின்னால் கட்டுவானா?

நான் தாய்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உண்ணாமலை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ மூடியிருந்த துண்டை விலக்கினதும் அவள் நகம் என் தோளில் இறங்கியது. “ஐயோ, பின்னால கனம்மா!” என்றாள். “அண்ணா, அத அவுத்துடு, அவுத்துடு!” என்று கத்தினாள். உன் காதில் விழுந்தது. நீ திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எறிந்தாய். அது நேராக வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது, ஒரு நொடி அப்படியே நின்றது, மல்லாந்து புரண்டு பெரிய மனுஷர்கள் நாற்காலிக்கு முன்னால் வந்து விழுந்தது. பழம் தெறித்து உருண்டது. பையன்கள் “ராக்கெட்டுடோய்!” என்று விசிலடித்தார்கள். அப்போது உங்கள் சயின்ஸ் வாத்தியார் என்னப்பா ஆச்சு என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றினது போல இருக்கிறது. “என் தங்கச்சி பேலன்ஸ் தப்பா வச்சிட்டா சார்.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்குத்தானே முதல் தடவையாக அவள் பெயர் வெளியே வந்தது? விழுந்தால் அவளுடையது, பறந்தால் உன்னுடையது. என்ன நியாயமடா இது?

வீட்டுக்கு வந்து உன்னை நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தினேன். உன் தங்கச்சிதான் குறுக்கே வந்து நின்றாள். அவளுக்கு உன்மேல் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உடைந்த நெட்டியை எல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பழத்தையும் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூக்கில் கனத்துக்கு வைத்திருந்த பாபின்களை ஒரு கையிலும் பழத்தை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தாள். “சாமி மேல தப்பில்லம்மா. பழத்த முன்னாடி கட்டியிருந்தா பாபினக் கழட்டிட்டு இருந்திருக்கலாம்” என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்பவும் ஒட்டினீர்கள். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய், பூஜை போட்டது தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று உனக்கு வருத்தம். உன் மனசு சமாதானம் ஆகட்டும் என்றுதான் அவள் என் பாபின்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே கனத்துக்குச் சின்னப் பழமாகத் தேடி எடுத்து மூக்கில் பள்ளம் பண்ணி உட்கார வைத்தாள். பழம் வைக்க இடம் வேண்டும் என்பதற்காக உன் பெயரைச் சுரண்டினாளா? அதுவும் இல்லை. கொஞ்சம் கீழே தள்ளித்தான் வைத்தாள். பழம் காயக் காயக் கனம் குறையும், எறியும் அன்றைக்குப் புதுப்பழம் வை என்று உனக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

அது ஏரிக்கரையிலிருந்து பறந்ததை நீ மறந்திருக்க முடியாது. மலைக்காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்து, சத்தமே இல்லாமல் நம் தலைக்கு மேலேயே திரும்பி வந்தது. உங்கப்பா கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார். நீ அவளைத் தூக்கிச் சுற்றினாய். அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

வேலூரில் ஸ்கூல் பிள்ளைகளுக்கான சயின்ஸ் கண்காட்சிக்குப் போனபோது மேடையில் நீ மட்டும் ஏறினாய். அவள் வேறு ஸ்கூல், அது சட்டமாம், போகட்டும். கோட்டு போட்ட ஒருத்தர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்டார், “வால் இல்லாம எப்படிப்பா நிக்குது? இந்த எலுமிச்சம்பழம் எதுக்குத் தம்பி?” உனக்குப் பதில் தெரியும். அவள் உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், நீயே அடுப்படியில் நின்று எனக்கு விளக்கியும் இருக்கிறாய். ஆனால் பதில் சொன்னால் யார் கண்டுபிடித்தது என்ற அடுத்த கேள்வி வரும். நீ கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி, “எல்லாம் அண்ணாமலையார் அருள் சார்” என்றாய். கூட்டம் கைதட்டிக் கூரையைப் பிரித்தது. நம்ம ஊர்ப் பையனுக்கு என்ன பக்தி என்று பக்கத்திலிருந்தவள் என் தொடையைத் தட்டினாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவனைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சியின் மூளையை எடுத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுக் கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீ ஒருத்தன்தான். அண்ணாமலையாரே அன்றைக்கு வெட்கப்பட்டிருப்பார்.

வேலைக்கு இன்டர்வியூ போனபோதும் அந்த ஏரோப்ளேன் கதையைத்தான் சொன்னேன், எல்லோரும் அசந்துவிட்டார்கள் என்று நீயே எழுதினாய். சந்தோஷம். அதை வைத்து நீ சோறு தின்கிறாய் என்றால் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, என் வயிற்றில் பிறந்தவன்தானே. ஆனால் நீ ஏறின ஏணியை அவள் தொடும்போது எதற்கு உதைத்துத் தள்ளுகிறாய்? எனக்குத் தெரியும். அவளும் படித்துவிட்டு நாலு பேர் முன்னால் நின்று பேசினால் அந்தப் பழம் எதற்கு என்று தெரிந்துவிடும். மெட்ராஸ் கெட்ட ஊர், காலம் கெட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் சும்மா. நீ பயப்படுகிறாய். தங்கச்சிக்குப் பயப்படுகிற அண்ணனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ பயப்படவே வேண்டியதில்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். காலேஜ் இன்டர்வியூவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனது நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன கேட்டார்கள் என்று திரும்பி வரும்போது செஞ்சி தாண்டித்தான் சொன்னாள், அதுவும் நான் பிடுங்கின பிறகு. படிப்பைத் தவிர வேறென்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். வாலில்லாத விமானத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தர் நம்பவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பரைக் கேட்டு வாங்கி மடித்து, பின் ஓரத்தை நகத்தால் தூக்கி, அந்த ரூமிலேயே விட்டுக் காட்டியிருக்கிறாள். அப்புறம் எலுமிச்சம்பழக் கதையையும் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, ஏம்மா, பூஜை போட்டுத்தான் பறந்துச்சா என்று கேலி பண்ணியிருக்கிறார்.

உன் தங்கச்சி என்ன சொன்னாள் தெரியுமா? “பூஜை எங்க அண்ணன் போட்டது சார், கனம் நான் பாத்து வச்சது. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம்.”

சேர்ந்து என்றாள். நீ இல்லாத ரூமில், உன் பெயர் யாருக்கும் தெரியாத இடத்தில், தனக்குக் கிடைக்கிற பெருமையில் பாதியை உனக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ‘எதுக்குடி அப்படிச் சொன்ன?’ என்று கேட்டேன். “நெட்டி யாரும்மா அறுத்தது?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் உனக்குக் கொடுத்த வார்த்தை அது. நீ அவளுக்குக் கொடுத்த வார்த்தை ஹெல்ப். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மர ஸ்கேல் தேவையில்லை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. வந்து உங்கப்பா முன்னால் நின்று, அந்த ஏரோப்ளேன் யாருடையது என்று உன் வாயால் சொல்லு. அண்ணாமலையாரை இழுக்காதே. உனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருப்பேன், சொல்லிவிட்டுச் சாப்பிடு.

வரவில்லையா, பரவாயில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் அவளும் கிளம்புகிறோம். உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன், உத்தரவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன். பின்னால் ஒரு துணை இல்லாமல் அவள் என்ன செய்வாள் என்று கேட்டாயே? அது வாலில்லாமலே பறக்கிற ஜாதியடா. நீதான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா